காற்று எங்கே ஒழுகுகிறது?

ஆண்டு இறுதி மழையில், சேறு நிறைந்த காட்டுப் பாதைகளில் நான்கு சக்கர இயக்க வண்டிகளை ஓட்டும் பந்தயம் நம் நாட்டில் 1997இல் தொடங்கியது. ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்பது அதன் பெயர். சேற்றில் வேகத்தைவிடப் பிடிமானம்தான் முக்கியம். டயரின் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகப் படர்ந்து தரையை நன்றாகப் பிடிக்கும். சாலையில் ஓடும் காருக்கு 30 பிஎஸ்ஐ அளவில் காற்று அடைக்கிறோம். காட்டில் 10 பிஎஸ்ஐக்கும் கீழே இறக்குவார்கள்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. எஃகுக் கம்பி பதித்த டயரின் உள்விளிம்பை ‘பீட்’ என்பார்கள். அதை ரிம்மோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். 32 பிஎஸ்ஐ 8ஆகக் குறைந்தால், அந்தப் பிடியும் கால் பங்காகிவிடும். வளைவில் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘பீட்லாக்’ ரிம். டயரின் வெளிப்பக்க விளிம்பின் மேல் ஓர் உலோக வளையத்தை வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள்.

இயந்திரப் பொறியியல் படிக்கும் நான், செமஸ்டர் விடுமுறையில் ரவாங்கில் ஒரு டயர் பட்டறையில் உதவிக்கு நின்றேன். பீட்லாக் ரிம் போட்ட வண்டி ஒன்று வந்தது. அதன் ஒரு டயரில் மட்டும் ஒவ்வோர் இரவும் காற்று இறங்கிவிடும்.

“போல்ட்டை இன்னும் முறுக்கணுமா, அண்ணே?” என்று கேட்டேன்.

“முதல்ல எங்க ஒழுகுதுன்னு பாரு தம்பி” என்றார்.

வால்வு, வளையம், உள்பக்க விளிம்பு என மூன்று இடங்களிலும் சவர்க்கார நீரைத் தடவினோம். உள்பக்கத்தில் நுரை பொங்கியது. சாதாரண பீட்லாக்கில் வளையம் பிடிப்பது வெளிப்பக்கத்தை மட்டுமே. உள்பக்கம் வழக்கம்போல் காற்றை நம்பித்தான் இருக்கிறது. அங்கே காய்ந்த சேறும் துருவும் ஒட்டியிருந்தன. கம்பி பிரஷால் தேய்த்துத் துடைத்து, மீண்டும் மாட்டினோம். ஒழுகல் நின்றது.

வளையத்தை இறுக்குவதற்கும் முறை உண்டு. டயர் நடுவில் சரியாக உட்கார்ந்த பிறகு, எதிரெதிர் போல்ட்களைச் சிறிது சிறிதாக, பல சுற்றுகளில் முடுக்க வேண்டும். ஒரே பக்கமாக முடுக்கினால் வளையம் கோணி, மறுபக்கம் இடைவெளி விழும். தயாரிப்பாளர் சொன்ன அளவை டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். அழுத்தத்தில் ரப்பர் அமுங்குவதால், சிறிது தூரம் ஓடிய பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

நேர்ப்பாதைப் பந்தய டயர்களில் வேறொரு தொல்லை. அவற்றின் பக்கச்சுவர் மெல்லியது; மடங்கி வந்த டயர் ரிம்மைத் தொடாமலே நிற்கும். வெயிலில் வைத்து இளக்கி, சுற்றிலும் பட்டை கட்டி இறுக்கினால் விளிம்புகள் வெளியே விரியும். சில டயர்களில் பக்கச்சுவர் வழியாகவே காற்று மெல்லக் கசியும். அதற்கு உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றுவார்கள்.

எரியும் திரவத்தைத் தெளித்துத் தீ வைத்து, ‘டொப்’ என்று டயரை உட்கார வைக்கும் காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். தயவு செய்து முயல வேண்டாம். உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது யார் கையிலும் இல்லை. காற்றடிக்கும்போதும் 40 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது. அதற்குள் விளிம்பு உட்காராவிட்டால், காற்றை முழுவதும் இறக்கிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். நீண்ட குழாயைப் பொருத்தி, டயருக்கு நேராக நிற்காமல் தள்ளி நிற்பது நல்லது. வெடிக்கும் டயர் உயிரையும் பறிக்கும்.

நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டினார்கள். இன்று நம் இளைஞர்கள் பலர் டயர் பட்டறைகளில் நிற்கிறார்கள். அதைப் படிப்பு வராதவர்களின் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அழுத்தம், விசை, உராய்வு என்று வகுப்பில் நான் எழுதிப் படித்தவை எல்லாம் அங்கே கையால் நடக்கின்றன. எஸ்.பி.எம். முடித்து வாகனத் துறையில் ஆர்வமுள்ளவர்கள் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். படிப்பை யோசிக்கலாம். பட்டறை அனுபவத்தோடு சான்றிதழும் சேர்ந்தால், டிப்ளோமா வரை வழி இருக்கிறது.