ஒரே குப்பி, வெவ்வேறு மணம்

வளைகுடாவிலிருந்து வரும் அத்தர் ஒருத்தி கையில் மல்லிகையாக மணக்கிறது, இன்னொருத்தி கையில் புளித்துப்போகிறது. எல்லையோர கிராமங்களின் சந்தேகத்துக்கு விடை குப்பியில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் விடுமுறைக்கு வந்தால், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கிராமங்களில் பெட்டி திறக்கும் நேரம் ஒரு சிறு திருவிழா. பால் பவுடர், சோப்பு, பேரீச்சம்பழம். அவற்றுக்கு நடுவே விரல் நீள அத்தர் குப்பிகள். அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, கொழுந்தியாளுக்கு ஒன்று. எல்லாம் ஒரே ரகம். முதலில் பழ வாசம், பிறகு பூ, கடைசியில் கஸ்தூரி.

சிக்கல் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடும். மனைவியின் கையில் பூ மணம் நின்று கமழ்கிறது. அம்மாவின் கையில் ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை. கொழுந்தியாளின் கையிலோ கனிந்து அழுகிய பழத்தின் நெடி. யாருக்கோ போலியைக் கொடுத்துவிட்டார்கள் என்ற முணுமுணுப்பு எழும். கொண்டுவந்தவர் பாவம், விளக்கம் சொல்ல முடியாமல் விழிப்பார்.

மணம் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 1-ம் தேதி திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களான விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகியவை சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளையில் விழுந்த அந்தக் கோட்டைப் பூக்கள் மட்டும் மதிக்கவில்லை. தோவாளைச் சந்தையின் பூ மூட்டைகள் இன்றும் விடியலில் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகின்றன. பிச்சிக்கு இரு பக்கமும் பிச்சி என்றே பெயர். தலையில் சூடும் பூ எல்லோருக்கும் ஒரே மாதிரி மணக்கிறது. அதே பூவின் பெயர் ஒட்டிய எண்ணெய் மட்டும் ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி?

காரணம், பூ தலைமுடியில் தனியாக இருக்கிறது; அத்தர் தோலோடு கலக்கிறது. வாசனை எண்ணெய் என்பது ஒரு பொருள் அல்ல. பல பொருட்களின் கூட்டம். பழ வாசம் தரும் மூலக்கூறுகள் சிறியவை, முதலில் பறந்துவிடும். பூ வாசம் அடுத்தது. கஸ்தூரி வாசம் தருபவை பெரியவை, கனமானவை. மறுநாள் வரை துணியில் தங்கும். தோல் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக முதல் இரண்டும் ஆவியாகும். எண்ணெய்ப்பசையுள்ள தோல் அவற்றைக் கரைத்துப் பிடித்து வைத்து மெல்ல விடும். வறண்ட தோலுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. வயது ஏற ஏறத் தோலின் எண்ணெய்ப்பசை குறைவது வழக்கம். அம்மாவின் கையில் மணம் சீக்கிரம் மறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மணம் சற்று அதிக நேரம் நிற்பதும் இதனால்தான்.

வியர்வையும் உண்டு. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு ஏறக்குறைய வாசமே இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. இந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஆளுக்கு ஆள் வேறு. அந்த வாடையும் அத்தரும் சேர்ந்தே மூக்குக்கு வருகின்றன. பிராகாவில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. தாங்களே தேர்ந்தெடுத்த வாசனையைப் பூசியவர்களின் உடல் மணம், பிறர் கொடுத்ததைப் பூசியபோது இருந்ததைவிட இனிமையாக இருப்பதாக முகர்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். ஆளறியாமல் வாங்கிவரும் பரிசில் இருக்கும் ஆபத்து இதுதான்.

பூசியவரின் தோல் மட்டுமல்ல, முகர்பவரின் மூக்கும் வேறுபடும். சில செயற்கைக் கஸ்தூரிகளைச் சிலரால் அறவே முகர முடியாது. பூசியவர் சிறிது நேரத்தில் தன் மணத்துக்குப் பழகிப்போவதும் உண்டு. தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பவரைப் பக்கத்து வீட்டார் மூக்கைச் சுளித்துப் பார்ப்பது அதனால்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் தோலின் மேல் போட்டுவிட முடியாது. இமயத்துக் கஸ்தூரி மான் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு; அதன் கஸ்தூரியை விற்பது குற்றம். கடையில் கிடைக்கும் கஸ்தூரி ஏறக்குறைய முழுவதும் ஆய்வுக்கூடச் சரக்கு. இந்தக் கதையின் தொடக்கம் 1888. வெடிமருந்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பர்ட் பவுர் தற்செயலாகக் கஸ்தூரி வாசமுள்ள பொருளைக் கண்டார். செடியிலும் கஸ்தூரி உண்டு. கேரளத்தில் வளரும் கஸ்தூரி வெண்டையின் விதை எண்ணெய் பழம், பூ, கஸ்தூரி மூன்றும் கலந்து மணக்கும். அது விலை அதிகம்.

மல்லிகையின் கணக்கும் இதேதான். சூட்டில் காய்ச்சினால் அதன் மணம் கெடும் என்பதால் கரைப்பான் கொண்டு எடுக்கிறார்கள். சுமார் 1,000 கிலோ பூவில் மெழுகு போன்ற சாரம் ஏறத்தாழ 3 கிலோ கிடைக்கும். அதைச் சுத்திகரித்தால் பாதியாகும். பூச்சந்தை விலை தெரிந்த எவருக்கும், சில பத்து ரூபாய்க் குப்பியில் அசல் மல்லிகை இருக்க முடியாது என்பது புரியும்.

செயற்கை என்பதாலேயே கெடுதல் என்று இல்லை. இயற்கை என்பதாலேயே பத்திரம் என்றும் இல்லை. இரண்டுமே சிலருக்கு அரிப்பும் தடிப்பும் தரும். மஸ்க் ஆம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி, பூசிய இடத்தில் வெயில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குவது தெரிந்து, 1990-களின் நடுவில் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப்பொருட்களில் அதைத் தடை செய்தது. ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருட்களின் பெயரை லேபிளில் அச்சிட வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. பெரிய புட்டியிலிருந்து சிறு குப்பிக்கு ஊற்றித் தரும் அத்தரில் லேபிளே இருப்பதில்லை. ஆல்கஹால் இல்லை என்று கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம். வேறு என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

கவனமாக வாங்குவதற்கு அதிகச் செலவில்லை. குப்பியை முகர்ந்தும் காகிதத்தில் தொட்டும் முடிவு செய்யக்கூடாது. முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, கடைத்தெருவில் மற்ற வேலைகளை முடித்துவிட்டு நான்கைந்து மணி நேரம் கழித்து முகர வேண்டும். பழம் போய், பூ போய், மிச்சமிருப்பதுதான் நாள் முழுவதும் கூட வரப்போவது. அரிப்போ சிவப்போ வருகிறதா என்று ஓரிரு நாள் பார்ப்பது நல்லது. சுருக்கென்றால் கழுவிவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சொறி, சிரங்கு உள்ள இடத்தில் பூசவே கூடாது. தோல் ஒத்துக்கொள்ளாதவர்கள் துணியின் உள்ஓரத்தில் தொட்டுக்கொள்ளலாம். கறை படுகிறதா என்று மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் வந்த குப்பிகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. பெயர் எழுதிக் கொடுக்காமல், வேறு வேறு ரகமாக நான்கைந்து வாங்கிவந்து வீட்டு முற்றத்தில் வைத்துவிடலாம். அவரவர் கையில் தொட்டுப் பார்த்து, மாலை வரை பொறுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். கொழுந்தியாளின் கையில் புளித்தது அம்மாவுக்குப் பொருந்திவிடக்கூடும்.