மூணாவது குரூப்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாலாம் நாள், பக்கத்துத் தெரு டெய்லர், டீக்கடை பெஞ்சில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், பொண்ணு நானூத்தி அறுபது எடுத்திருக்கா. ஹிஸ்டரி குரூப்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. மார்க் இல்லாதவங்க எடுக்கிறதை இவ ஏன் சார் எடுக்கணும்?"

முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். ரெண்டு டீ சொன்னேன்.

ஹிஸ்டரி குரூப்பை மூணாவது குரூப் என்கிறோமே, முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள் என்றேன். பிளஸ் டூ பள்ளிக்கு வந்தது 1978-ல். அதற்கு முன்பு கல்லூரியில் புகுமுக வகுப்பு, பி.யு.சி. என்பார்கள். ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப், தேர்ட் குரூப் என்ற எண்களெல்லாம் அந்தக் காலத்து வழக்கு. வகுப்பு பள்ளிக்கு வந்தபோது எண்களும் கூடவே வந்துவிட்டன. அட்டவணைக்குப் போட்ட எண்ணை நாம் ரயில் பெட்டி மாதிரி தரம் பிரிக்க வைத்துக்கொண்டோம். குறைந்த மார்க் பிள்ளைகளை மூணாவதில் தள்ளுவதும், பிறகு அங்கே தேர்ச்சி குறைவு என்று புலம்புவதும் நாங்கள் ஆசிரியர்களே செய்த வேலை.

"அதெல்லாம் சரி சார், சயின்ஸ் எடுத்தா பின்னாடி எதுக்கும் போகலாமே?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அறிவியல் படித்த பிள்ளை மனம் மாறி பி.ஏ. வரலாறு சேரலாம். வரலாறு படித்த பிள்ளை மனம் மாறி பி.இ.யோ எம்.பி.பி.எஸ்.ஸோ சேர முடியாது. பி.எஸ்சி. நர்சிங்கும் ஆர்க்கிடெக்சரும்கூட இல்லை. இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள் என்றேன். ஆனால் அந்த வழியைத் திறந்து வைக்க இரண்டு வருஷ டியூஷன் காசும், பிடிக்காத இயற்பியலோடு மல்லுக்கட்டுவதில் மார்க்கும் போகும். அந்தப் பக்கம் போகவே போவதில்லை என்று தெரிந்த பெண்ணுக்கு இவ்வளவு செலவு எதற்கு?

"அப்ப அவ எங்கதான் போவா?"

ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ்; அந்தப் பகுதியில் 40 சதவீதம் வராவிட்டால் மீதியை மதிப்பிடவே மாட்டார்கள். பொது அறிவில் வருகிற வரலாறு, அரசமைப்பு, பொருளாதாரம், புவியியல் எல்லாம் பள்ளிப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறவை. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, அதே பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை நூலகத்தில் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிற இளைஞர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஐ.ஏ.எஸ். தேர்வில் தமிழ் இலக்கியத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண். பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத இட ஒதுக்கீடும் உண்டு. அவர் மகள் தமிழ் வழி. டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அந்த ஆசையில் உடனே கொஞ்சம் தண்ணீரும் ஊற்றினேன். வெறும் பி.ஏ. சோறு போடாது. சட்டம், பி.எட்., எம்.ஏ., போட்டித் தேர்வு என்று மேலே ஒன்று வேண்டும். கணக்குக்குப் பயந்து இங்கே வருகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான். கணக்குப் பதிவியல் முழுக்க எண்கள், பொருளாதாரத்தில் வரைபடங்கள். வரலாற்றிலோ கேட்ட கேள்விக்கு ஒரு பக்கம் கோர்வையாக எழுதத் தெரிய வேண்டும். அது மனப்பாடத்தில் வராது.

இன்னொன்று: ஆர்ட்ஸ் குரூப் என்பது ஒரே குரூப் அல்ல. வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், கணக்குப் பதிவியல் என்று ஒரு பள்ளி வைத்திருக்கும். புவியியல், அரசியல் அறிவியல், சிறப்புத் தமிழ் சேர்ந்தது இன்னொரு பள்ளியில் இருக்கும். பொருளாதாரத்தை மேலே படிக்க ஆசை என்றால் கணிதம் உள்ள தொகுப்பைத் தேட வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸுக்குக் கணிதம் கேட்கிறார்கள். பல தனியார் பள்ளிகளில் வரலாறே கிடையாது. அரசுப் பள்ளிதான் இதற்குப் புகலிடம்.

சிறப்புத் தமிழைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. எல்லோரும் படிக்கிற பொதுத் தமிழ் வேறு. இது தனிப் பாடம், இலக்கணமும் இலக்கிய வரலாறும் ஊன்றிப் படிக்கலாம். நடத்துகிற பள்ளிகள் குறைவு. இந்தப் பக்கம் இப்படி இருக்க, மார்க் அள்ளலாம் என்று பதினொன்றில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சுக்கும் சமஸ்கிருதத்துக்கும் போகிற பிள்ளைகள் உண்டு. ஆசைப்பட்டு பிரெஞ்சு படித்தால் நான் கைதட்டுவேன். மார்க்குக்காகப் படித்தவர்களில், இரண்டு வருஷம் கழித்து அந்த மொழியில் ஒரு கடிதம் எழுதக்கூடிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. கடைசியாக அவர் கேட்டது, "ஸ்கூல்ல போய் என்ன சார் கேக்கணும்?"

இரண்டே கேள்விகள் சொன்னேன். அந்தத் தொகுப்பில் என்னென்ன பாடம், கணிதம் உண்டா, ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். அந்தப் பாடங்களுக்கெல்லாம் இப்போது ஆசிரியர் இருக்கிறாரா, காலிப் பணியிடமா என்று கேளுங்கள். உங்கள் வீட்டிலும் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால், இந்த இரண்டுக்கும் பதில் வாங்கிவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.