கண்ணாடித் தகட்டில் தங்கிய இரவுகள்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க மண்டபத்தில் பழைய புகைப்படங்களை ஒரு பலகையில் ஒட்டி வைத்திருந்தோம். சாப்பாட்டுப் பந்தியைவிட அங்கேதான் கூட்டம். "இதோ எங்க அப்பா!", "இந்த வீட்டை இடிச்சே இருபது வருஷமாச்சு" என்று ஆளுக்கொரு குரல். ஊரை விட்டு வந்தவர்களுக்குப் புகைப்படத்தின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வீட்டு ஆல்பத்தில் இடமே கிடைக்காதவர்களும் உண்டல்லவா? அவர்களுடைய நினைவை யார் காப்பாற்றுகிறார்கள்?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு பிரஸ்ஸாய் என்ற புகைப்படக் கலைஞரின் ஞாபகம் வரும். இவருடைய இயற்பெயர் ஜூலா ஹலாஸ். 1899-இல், அன்று ஹங்கேரியைச் சேர்ந்திருந்த பிரஷோ என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊர் ருமேனியாவில் இருக்கிறது. 1924-இல் பிழைப்புத் தேடி பாரிஸ் வந்தவர், பிறந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். பிரஸ்ஸாய் என்றால் 'பிரஷோக்காரர்' என்று பொருள். பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் நமக்கு இது புதிதல்ல.

1930-களின் தொடக்கத்தில் இவர் இரவு முழுவதும் காமிராவும் கையுமாக பாரிஸ் தெருக்களில் அலைந்தார். ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் கூடிய நடனசாலைகளுக்கும் போனார். பிரான்ஸில் 1791-லேயே இத்தகைய உறவு குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. ஊரார் ஏளனம் மட்டும் நீங்கவில்லை. அதனால் பகலில் மறைத்து வாழ்ந்தவர்களுக்கு இரவுதான் புகலிடம்.

மோன்பர்னாஸ் பகுதியில் 'லெ மோனோக்ள்' என்று பெண்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. தலைமுடியைக் கத்தரித்து, கோட்டும் டையும் அணிந்து, தோழியுடன் அமர்ந்திருக்கும் பெண்களை அங்கே படமெடுத்தார். மோன்தாஞ் சேன்த் ஜெனவியேவ் நடனசாலையில் எடுத்த படமொன்றில் இரண்டு இளைஞர்கள் ஒரே சூட்டைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்குக் கோட்டு, மற்றவருக்குக் கால்சட்டை! ஈபிள் கோபுரத்துக்கு அருகிலிருந்த மேஜிக் சிட்டி மண்டபத்தில், ஈஸ்டர் நோன்பை ஒட்டி, ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடும் பெரிய விழாக்கள் நடந்தன. அவற்றையும் பதிவு செய்தார்.

அக்காலத்தில் இரவுப் படம் எடுப்பது எளிதல்ல. அவர் பயன்படுத்தியது பிலிம் சுருள் அல்ல, சிறு கண்ணாடித் தகடுகள். தெருவில் காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தைக் கொண்டு வெளிச்சத்துக்குக் கணக்குப் பார்ப்பாராம். மண்டபத்துக்குள் என்றால் மக்னீசியப் பொடியைக் கொளுத்த வேண்டும். பளிச்சென்று வெளிச்சம், கூடவே சத்தம், புகை. ஒளிந்திருந்து படம் எடுப்பதெல்லாம் நடக்காது. பழகி, நம்பிக்கையைப் பெற்றுத்தான் எடுக்க வேண்டும். படத்தில் இருப்பவர்கள் நம்மை நேராகப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

மேஜிக் சிட்டி விழாக்கள் 1934-இல் நின்றன. அந்தக் கட்டடம் பின்னாளில் தொலைக்காட்சி நிலையமாயிற்று. 1940-இல் ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்தபின் பழைய இரவுகள் திரும்பவில்லை. 1932 இறுதியில் வெளிவந்து புகழ்பெற்ற பிரஸ்ஸாயின் 'இரவில் பாரிஸ்' நூலில் இந்தப் படங்களுக்கு இடமில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 1976-இல்தான் 'முப்பதுகளின் இரகசிய பாரிஸ்' என்ற தொகுப்பாக வந்தன. 1984-இல் அவர் மறைந்தார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த நூலில் இவர்களையும் ரவுடிகள், விலைமகளிர், அபின் புகைப்போர் வரிசையிலேயே வைத்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தவரின் பார்வை அவர் எழுத்தில் தெரிகிறது. ஆனால் படங்களில் நாம் காண்பது சனிக்கிழமை இரவில் மகிழ்ச்சியாக இருக்கும் மனிதர்களை.

பெர்லினில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே 'எல்டொராடோ' என்ற புகழ்பெற்ற விடுதி இருந்தது. 1932-இல் எடுத்த படத்தில், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்ற பொருள்பட வாசலில் பலகை தொங்குகிறது. 1933 மார்ச்சில் எடுத்த படத்தில் அதே கட்டடம். ஆனால் ஸ்வஸ்திகாவும் ஹிட்லருக்கு ஓட்டுக் கேட்கும் சுவரொட்டிகளும்! இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், விளக்கம் தேவையில்லை.

இதையெல்லாம் நம் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். என் பெரியப்பா திருமணம் செய்துகொள்ளாதவர். அவர் காலமானபின் அறையைக் காலி செய்தபோது ஒரு கவர் நிறையப் படங்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் அவரும் ஒரு நண்பரும். கடற்கரையில், ரயில்வே பிளாட்பாரத்தில், ஏதோ ஒரு மொட்டைமாடியில். "யாரோ சிநேகிதர்" என்று சொல்லிப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம். போட்டவன் நான்தான். அவர்களுக்குள் என்ன உறவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே தூக்கி எறிந்தேன்.

2018 செப்டம்பர் 6 அன்று நம் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் இத்தகைய உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் பலர் தங்கள் படங்களைத் தாங்களே கிழித்திருப்பார்கள். மிஞ்சியவற்றையாவது நாம் காப்பாற்றலாம். வீட்டுப் பெரியவரின் பெட்டியில் பழைய படம் கிடைத்தால், யார் என்று தெரியாவிட்டாலும் எறிந்துவிடாதீர்கள். தெரிந்தவர்களைக் கேட்டு, பின்புறம் பென்சிலால் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். கூட நிற்பவரின் பெயரையும் சேர்த்து.