கொழுந்து நிறுவையும் ஒரு வரிசைக் கணக்கும்

அட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு வரிசை புதிதல்ல. மலையிலிருந்து பெண்கள் கொழுந்தைச் சுமந்து இறங்கி வருவார்கள். ஒருவருடைய எடையைப் பதிந்த பின்பே அடுத்தவர் முறை. பகல் நிறுவையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களின் சாப்பாட்டு நேரத்தில் கழிகிறது. கைக்குழந்தைக்காரியாக இருந்தால், பிள்ளை மடுவத்துக்கு ஓடிப் போகும் நேரத்திலும் கழிகிறது.

இந்த வரிசை எப்படி உண்டாகிறது? விடை காண உதவுவது போலச்செய்கை. உண்மையான வேலையைக் குழப்பாமல், அதன் நடப்பைத் தாளிலோ கணினியிலோ நடத்திப் பார்ப்பதே அது. நான் விளக்க வருவது பின்னக நிகழ்வுப் போலச்செய்கை. இதில் கடிகாரம் ஒவ்வொரு வினாடியாக நகராது; நிகழ்வுக்கு நிகழ்வு தாவும். நமது கணக்கில் நிகழ்வுகள் இரண்டே: ஒருவர் வந்து சேர்தல், ஒருவரின் நிறுவை முடிதல். இடையில் எதுவும் மாறுவதில்லை. அடுத்தவர் எப்போது வருவார் என்பது நிச்சயமில்லாததால், அதை எழுமாறாகத் தெரிவு செய்கிறோம்.

நான் செய்து பார்த்த முறை இது. 1 முதல் 6 வரை எழுதிய ஆறு கடதாசித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டேன். ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே போட வேண்டும். எடுத்த எண்ணைப் பத்தால் பெருக்கினால், இருவர் வருகைக்கு இடைப்பட்ட வினாடிகள் கிடைக்கும். ஒருவரின் கொழுந்தை நிறுக்க 30 வினாடி என வைத்துக்கொண்டேன். இவை பயிற்சிக்காக நான் எடுத்த எண்கள்.

வந்த எண்கள்: 6, 1, 2, 1, 5, 2, 3, 6, 6. வருகை இடைவெளியின் சராசரி 35 வினாடிக்குச் சற்று மேல். நிறுவைக்கு 30 வினாடிதான். சராசரியை மட்டும் பார்த்தால் வரிசையே வரக்கூடாது. ஆனால் பத்துப் பேரில் ஏழு பேர் காத்திருந்தார்கள். ஐந்தாமவர் 50 வினாடி நின்றார். நெருக்கமாக வந்த சிலரால் உண்டான தாமதம் பின்னால் வந்தவர்கள்மேல் ஏறியது. அதற்கு முன் தராசு சும்மா இருந்த நேரத்தைச் சேமித்து வைத்து இப்போது பயன்படுத்த முடியாதல்லவா! சராசரி மறைக்கும் உண்மை இதுதான்.

ஒருமுறை செய்து முடிவு சொல்லக்கூடாது. பலமுறை செய்ய வேண்டும், அதற்குத்தான் கணினி. 1946இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்தானிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர், தனியாக ஆடும் சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்றார். சூத்திரத்தைத் தேடுவதைவிடப் பலமுறை ஆடி எண்ணுவது எளிது என்று அவருக்குத் தோன்றியது. ஜோன் வொன் நொய்மனுடன் சேர்ந்து அவர் வளர்த்த இம்முறைக்கு மொண்டே கார்லோ என்று பெயர். பெயர் சூதாட்ட நகரத்தினுடையது, பயனோ அறிவியலுக்குரியது. வரிசைகளைக் கணிதமாக ஆராய்வது அதற்கும் முந்தியது. டென்மார்க்கின் ஏர்லாங், தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909இலேயே எழுதினார்.

இனி, 30 பெண்கள் ஒரே நேரத்தில் இறங்கி வந்தால்? கடைசியானவர் பதினான்கரை நிமிடம் நிற்பார். இரண்டு தராசு வைத்தால் அது 7 நிமிடமாகும். ஆனால் 15 பேராக, 8 நிமிட இடைவெளியில் இரு குழுக்கள் வந்தால், ஒரே தராசிலும் எவரும் 7 நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டார்கள். காசு செலவில்லை, நேரத்தைப் பிரித்தால் போதும். சரிவில் ஒரு குழு பிந்தினால், முந்தினால் என்னவாகும் என்பதை மறுபடி துண்டுகளை எடுத்துப் பார்க்கலாம்.

இந்த விடைகளை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் நிறுவை இடத்தில் கடிகாரத்துடன் நின்று, உண்மையான நேரங்களைக் குறிக்க வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் கணினியும் தவறான விடையையே தரும். உயர்தரத்தில் நிகழ்தகவு படிக்கும் தங்கைகளே, பரீட்சை வினாத்தாளுக்கு வெளியேயும் அந்தப் பாடத்துக்கு வேலை இருக்கிறது. மருந்தகம், வங்கி, பஸ் தரிப்பிடம் என்று நம் உம்மாமார் காத்து நிற்கும் இடங்கள் எத்தனையோ. ஒரு டப்பாவும் ஆறு துண்டுக் கடதாசியும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.