குதிரைக்கு ஜுரம்! பந்தயம் நின்றது!

குதிரைக்கும் இன்புளூயன்சா ஜுரம் வரும். உடம்பு அனலாய்க் கொதிக்கும். வறட்டு இருமல் வரும், மூக்கு ஒழுகும். வளர்ந்த குதிரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். குட்டிக்குத்தான் ஆபத்து.

பல நாடுகளில் உள்ள இந்த வியாதி, 2007ஆம் ஆண்டுவரை ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததே இல்லை. அதனால் அங்குள்ள குதிரைகளுக்கு அதை எதிர்க்கும் சக்தியும் இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜப்பானிலிருந்து உயர்ந்த ஜாதிப் பொலி குதிரைகள் விமானத்தில் வந்து இறங்கின. வெளிநாட்டுக் குதிரையை உடனே வெளியே விடமாட்டார்கள். சிட்னி நகருக்கு அருகே ஈஸ்டர்ன் கிரீக் என்ற இடத்தில் இதற்கென்று தனி லாயம் இருந்தது. அங்கே இரண்டு வாரம் அடைத்து வைத்துப் பார்ப்பார்கள்.

ஆனால் நோய் வேலியைத் தாண்டிவிட்டது!

ஆகஸ்டு 24ந் தேதி, சிட்னி நகருக்குள்ளேயே சென்டேனியல் பார்க் லாயத்துக் குதிரைகளுக்கு அதே ஜுரம் என்று தெரிந்தது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. மெயிட்லாண்டு என்ற ஊரில் நடந்த போட்டிக்கு வந்த குதிரைகள், நோயை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரும்பியிருந்தன.

"ஒரு குதிரையும் நகரக்கூடாது!"

உடனே உத்தரவு பிறந்தது. நாடெங்கும் எந்தக் குதிரையும் இருந்த இடத்தை விட்டு நகரக்கூடாது! சிட்னியில் வசந்த காலப் பந்தயங்கள் ரத்தாயின. அதுவோ குதிரைகள் இனம் சேரும் பருவம். பெட்டைக் குதிரைகளைப் பொலி குதிரையிடம் கொண்டுபோக வழியில்லை.

பணக்கார முதலாளிக்கு ஒரு பருவத்து லாபம் போயிற்று. லாடம் அடிப்பவருக்கும் லாயம் கூட்டுபவருக்கும் வாரக் கூலியே போயிற்று. இரண்டும் ஒரே நஷ்டம் ஆகுமா?

நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரு மாநிலங்களில் 9,000க்கும் மேற்பட்ட இடங்களில் நோய் பரவியது. சுமார் 70,000 குதிரைகள் படுத்தன.

ஊசியும் சில்லும்

நோய் கண்ட பகுதியைச் சுற்றி வேலி போட்டதுபோல், அக்கம்பக்கத்துக் குதிரைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ஊசி போட்டால், பிறகு ரத்தத்தைச் சோதிக்கும்போது, நோய் வந்த குதிரை எது, ஊசி போட்ட குதிரை எது என்று தெரியாது. ஆகவே இரண்டையும் பிரித்துக் காட்டும் மருந்தாகப் பார்த்துப் போட்டார்கள். ஊசி போட்ட குதிரையின் தோலுக்கு அடியில், அடையாள எண் உள்ள சிறு மின்னணுச் சில்லு ஒன்றையும் வைத்தார்கள்.

விக்டோரியா மாநிலத்துக்குள் நோய் நுழையவே இல்லை. நவம்பரில் அங்கே மெல்போர்ன் கோப்பைப் பந்தயம் நடந்தது. டிசம்பரோடு நோய் அடங்கியது. 2008ஆம் ஆண்டு நடுவில், நாட்டில் நோயே இல்லை என்று அறிவித்தார்கள்.

வெளியே வந்தது எப்படி?

முன்னாள் நீதிபதி இயன் காலினன் விசாரணை நடத்தி, 2008ல் அறிக்கை கொடுத்தார். குதிரை தப்பி ஓடவில்லை. தனி லாயத்துக்குள் போய்விட்டு, சரியாகக் கழுவிச் சுத்தம் செய்யாமல் வெளியே வந்த ஆளின் உடம்பிலோ, உடுப்பிலோ, சாமானிலோ ஒட்டிக்கொண்டே கிருமி வந்திருக்க வேண்டும் என்றார் அவர்.

குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வர எத்தனை நேரம் ஆகும்? கால்மணி நேரம் ஆகுமா?