உங்களுக்குத் தெரியுமா? நெடுந்தீவுக்கு ஒரு டச்சுப் பெயர்!

திருவண்ணாமலையில் 1767-இல் ஆங்கிலேயரோடு ஹைதர் அலியும் நிஜாமும் மோதிய போரை, பழைய ஆங்கில நூல்கள் 'டிரினோமலி' போர் என்கின்றன. நம் ஊர்ப் பெயர் வெள்ளைக்காரர் நாவில் நசுங்கியது, ஆனால் மாறிவிடவில்லை.

கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்துத் தீவுகளின் கதை வேறு. 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள், அவற்றுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது. வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட்.

வரைபடத்தில் எழுதினால் போதுமா? ஊர்ச் சனங்களின் வாயில் ஏறவேண்டாமா? அங்குள்ள தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய பெயர்களையே சொல்லி வந்தார்கள். எனக்கு இதில் பெருமை உண்டு. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. குறிகட்டுவான் துறையில் படகேறிப் போனால், சாந்து பூசாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்களும், வெட்டவெளியில் மேயும் காட்டுக் குதிரைகளும் நம்மை வரவேற்கும். அந்தத் தீவை அங்குள்ளவர்கள் நெடுந்தீவு என்றுதான் சொல்வார்கள்.

ஐரோப்பியர்கள் தீவுகளுக்கு ஊர்ப் பெயர் மட்டுமல்ல, நாள் பார்த்துப் பெயர் வைத்ததும் உண்டு. 1643 டிசம்பர் 25 அன்று ஓர் ஆங்கிலக் கப்பல் கடந்துபோன தீவு, கிறிஸ்துமஸ் தீவு. 1722-இல் ஈஸ்டர் ஞாயிறன்று டச்சு மாலுமி ரோகவீன் கண்டது, ஈஸ்டர் தீவு.