பக்கத்து வீட்டுப் பாத்திரங்கள்

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் இருக்கிறது. அடியில் ஒட்டிய காகித டேப்பில் பேனாவால் எழுதியிருந்த பெயர் கழுவிக் கழுவி அழிந்துவிட்டது. நான்கு வருடமாக விசாரித்தும் அது யாருடையது என்று தெரியவில்லை.

அந்தப் பாத்திரம் வந்தது ஒரு டிசம்பர் மாதத்தில். திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்த மாமா ஓர் அதிகாலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உடலை ஊருக்கு அனுப்புவதற்கான காகித வேலைகள் முடிய ஒரு வாரம் ஆயிற்று. சபையார் அன்று மாலையே வந்து ஜெபித்தார்கள், சாப்பாடும் கொண்டுவந்தார்கள். ஆனால் அட்லாண்டாவில் நம் சபைக் குடும்பங்கள் எப்படிச் சிதறியிருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக நாற்பது நிமிடம், சாலை நெரிசலானால் ஒன்றரை மணி நேரம். வேலை நாளில் யார்தான் தினமும் வர முடியும்?

நம் ஊரில் துக்க வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தக்காரர் வீடுகளிலிருந்து தூக்குவாளியில் சாப்பாடு வரும். இங்கே நமக்குச் சொந்தக்காரர் யார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே வாசல் மணி அடித்தது. அதுவரை கை மட்டும் அசைத்துப் பழகிய தெருக்காரர்கள் ஒவ்வொருவராய் வந்தார்கள். மக்ரோனி அண்ட் சீஸ், கோழி கேசரோல், பீன்ஸ், பவுண்ட் கேக், ஒரு முழுப் பன்றித்தொடை. அதிகம் பேசவில்லை. பாத்திரத்தைக் கையில் கொடுத்து, "அவசரமில்லை, பிறகு தாருங்கள்" என்று போய்விட்டார்கள். ஜார்ஜியாவில் மரண வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது எழுதாத சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. பாத்திரம் தொலையாதிருக்கத்தான் அடியில் பெயர் ஒட்டுகிறார்கள்.

அத்தை இரண்டு நாளாக ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டு அம்மா ஒரு சின்னச் சட்டியை மூடி எடுத்து வந்தார். எழுபது வயது தாண்டிய கறுப்பினத்து அம்மா, மெதடிஸ்ட் சபைக்காரர். உள்ளே வெள்ளையாய்க் குழைந்த கிரிட்ஸ், மேலே உருகிய வெண்ணெய். அத்தைக்கு இது ஒத்துக்காது என்று நாங்கள் சொல்லப் போகையில், அத்தை எட்டிப் பார்த்து, "இது சோளக் கூழுல்லா?" என்றார்கள். பெட்டியில் ஊரிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டார்கள். அதன் பிறகுதான் அவர்களுக்கு அழுகை வந்தது.

வாலிபர் ஐக்கியத்தார் "சதர்ன் சமையல் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கிண்ணம்தான். நம்மில் பாதிப்பேர் நெல்லை, தூத்துக்குடி, குமரி. சென்னைக்காரர்களுக்கு நாமும் தெற்கத்தியார்தான். ஒரு தெற்கத்தியிலிருந்து இன்னொரு தெற்கத்திக்கு வந்திருக்கிறோம், அவ்வளவே.

கிரிட்ஸ் என்பது மக்காச்சோள ரவை. இந்த மண்ணின் பழங்குடி மக்கள் வெள்ளையருக்குக் கற்றுக்கொடுத்த உணவு. 2002ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வச் சமைத்த உணவாகச் சட்டம் போட்டு அறிவித்தது. கடையில் பொட்டலத்தைப் பிரித்துச் சுடுதண்ணீர் ஊற்றும் இன்ஸ்டன்ட் வகையை வாங்காதீர்கள், அது பசை. கல் இயந்திரத்தில் திரித்தது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஒரு கப்புக்கு நான்கு கப் தண்ணீர். கொதிக்கும்போது மாவை மழைபோலத் தூவிக் கிளறி, தீயைக் குறைத்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் கிண்ட வேண்டும். இறுகினால் பாலோ தண்ணீரோ கொஞ்சம். உப்பும் வெண்ணெயும் கடைசியில். கேழ்வரகுக் கூழ் கிண்டிய கைக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கடற்கரைப் பக்கத்தார் இதன்மேல் இறாலைப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இறால் தொக்கு. எதிர்வீட்டு அம்மாவுக்கும் அதுதான் இப்போது பிடிக்கிறது.

வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அத்தையின் சட்டம். அந்த வருடம் நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை. ஆனாலும் ஜனவரி இரண்டாம் வாரம் அத்தை எழுந்து அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்தார்கள். பாசிப்பயறு வறுக்கும் மணம் பல நாளுக்குப் பிறகு வீட்டில் எழுந்தது. ஒவ்வொரு பாத்திரத்திலும் போட்டு, பெயர் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எதிர்வீட்டு அம்மா முந்திரிக்கொத்தைக் கடித்துவிட்டு, "இதை எனக்குக் கற்றுத் தா, நான் உனக்கு பிஸ்கட் கற்றுத் தருகிறேன்" என்றார்.

இந்த ஊர் பிஸ்கட் நாம் டீயில் நனைக்கும் பிஸ்கட் அல்ல. உப்பிய, அடுக்கடுக்காய்ப் பிரிகிற ஒரு சின்ன ரொட்டி. "இது பன்னுல்லா" என்பது அத்தையின் தீர்ப்பு. செய்முறை எளிது, கெடுப்பது அதைவிட எளிது. செல்ஃப் ரைசிங் மாவு இரண்டு கப், ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, கடையில் விற்கும் கெட்டி மோர் முக்கால் கப். இங்குள்ள பாட்டிமார் ஒயிட் லில்லி மாவுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அது மென்கோதுமை மாவு, அதில் பசைத்தன்மை குறைவு என்பதுதான் காரணம். வெண்ணெயைத் துண்டுகளாக்கி மாவில் போட்டு, புட்டுக்குப் பிசிறுவதுபோல் விரல்நுனியால் பிசிற வேண்டும். மோரை ஊற்றி ஒன்று சேரும் வரை மட்டும் கலக்குங்கள். சப்பாத்தி மாவுபோல் பிசைந்தீர்களானால் கல்லாகிவிடும். எங்கள் முதல் மூன்று தடவையும் கல்தான். கையால் தட்டி, மடித்து, மறுபடி தட்டி, ஒரு அங்குலக் கனத்தில் வட்டமாக வெட்டுங்கள். வெட்டும் டம்ளரைத் திருகாமல் நேரே அழுத்தி எடுக்க வேண்டும், திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு உப்பாது. 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். கெட்டி மோர் இல்லையென்றால் வீட்டுத் தயிரில் கொஞ்சம் பால் விட்டு அடித்துக்கொள்ளலாம், குறை தெரியாது.

இந்தச் சமையலை அன்பாய்ப் புத்தகமாக்கியவர் எட்னா லூயிஸ். 1916இல் வர்ஜீனியாவில் ஃப்ரீடவுன் என்ற ஊரில் பிறந்தார். அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்கள் அமைத்த ஊர் அது, அவர்களில் ஒருவர் இவருடைய தாத்தா. 1976இல் வெளிவந்த 'தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்' புத்தகம் இங்குள்ள நூலகங்களில் கிடைக்கும். அவர் 2006இல் மரித்தது நம் பக்கத்து டிகேட்டரில்தான். வாசித்துப் பாருங்கள் பிள்ளைகளே, "சதர்ன்" என்றால் டிரைவ்-த்ரூ பொரித்த கோழி என்ற எண்ணம் போய்விடும்.

நம் ஊர்க் கறிமசாலாவும் இங்கே எப்போதோ வந்துவிட்டது. கன்ட்ரி கேப்டன் என்று ஒரு கோழிக் குழம்பு உண்டு. தக்காளி, குடைமிளகாய், கறிப்பொடி போட்டு, மேலே உலர்திராட்சையும் பாதாமும் தூவிச் சோற்றோடு பரிமாறுவார்கள். 1857இல் அச்சான ஓர் அமெரிக்கச் சமையல் புத்தகத்திலேயே அதன் பெயர் இருக்கிறது. ஜார்ஜியாவில் கொலம்பஸ் நகரத்தார் அதைத் தங்கள் ஊர் உணவு என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். நமக்குக் காரம் பத்தாது.

இனி புத்தாண்டு சாப்பாட்டுக்கு வருவோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை நமக்கு எவ்வளவு முக்கியமோ, எதிர்வீட்டு அம்மாவின் சபைக்கும் அவ்வளவு முக்கியம். மெதடிஸ்டுகளிடம் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்த வழக்கம் அது. ஆனால் கறுப்பின சபைகளுக்கு அந்த இரவில் இன்னொரு நினைவு உண்டு. 1862 டிசம்பர் 31 இரவு, மறுநாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வருவதற்காக அவர்கள் விழித்திருந்து ஜெபித்தார்கள். மறுநாள் சாப்பாடு தட்டைப்பயறு, காலர்ட் கீரை, மக்காச்சோள ரொட்டி. தட்டைப்பயறு நாம் காராமணி என்று வாங்குகிற அதே குடும்பம்தான். ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமைக் கப்பல்களின் காலத்தில் இந்தக் கரைக்கு வந்தது. வெண்டைக்காயும் அப்படியே வந்தது.

காலர்ட் கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள், மண் இருக்கும். நடுத்தண்டை எடுத்துவிட்டு, இலைகளை அடுக்கிச் சுருட்டி நறுக்குங்கள். பழைய முறையில் புகைபோட்ட பன்றியிறைச்சி சேர்ப்பார்கள். நாங்கள் புகைபோட்ட வான்கோழி இறக்கை ஒன்றை வெங்காயம், பூண்டு, மிளகாய் வற்றலோடு ஒரு மணி நேரம் வேகவிட்டு, பிறகு கீரையைப் போட்டு இன்னும் முக்கால் மணி நேரம் சிறுதீயில் விடுகிறோம். இறக்கும்போது ஒரு கரண்டி வினிகர். உப்பு போடுமுன் ருசி பாருங்கள், அந்த இறக்கையிலேயே நிறைய இருக்கிறது. ஒரு தேக்கரண்டி உப்பில் ஏறக்குறைய 2,300 மில்லிகிராம் சோடியம். ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் உச்ச வரம்பே அதுதான். பக்கவாதத்தால் மரணம் அதிகம் என்பதற்காகவே இந்தத் தென்கிழக்கு மாநிலங்களுக்கு மருத்துவ உலகில் தனிப் பெயர் உண்டு. நம் சபையில் நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள் பலர் இருக்கிறோம், ஊறுகாய் ஜாடியும் இந்தச் சட்டியும் ஒரே மேஜையில் சேரும்போது எங்களுக்குக் கொஞ்சம் பயம்தான். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். "பாட் லிக்கர்" என்பார்கள், ரொட்டியை அதில் நனைத்துச் சாப்பிட வேண்டும். பெயரைக் கேட்டு வாலிபர்கள் சிரிப்பது தெரியும். அது வெறும் கீரைத் தண்ணீர்தான்.

போன ஜனவரி முதல் தேதி, பயறும் கீரையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனோம். அவர் பயறை மட்டும் வாங்கிக்கொண்டார். இருதயத் துடிப்பு தாறுமாறாகி, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். கீரையே தொடக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பிறந்ததிலிருந்து கீரை இல்லாத புத்தாண்டு இதுவே முதல் தடவை என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சட்டியைப் பார்த்த பார்வை எங்களால் தாங்க முடியவில்லை.

காலர்டில் வைட்டமின் கே மிக அதிகம். அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும், உண்மை. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை கீரையை அடியோடு விடு என்பதல்ல, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடு என்பதுதான். திடீரென்று கூட்டினாலும் ஆபத்து, திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. அன்று விடுமுறை. நாங்கள் கீரையை அவருக்குக் கொடுக்கவில்லை, திருப்பி எடுத்து வந்தோம். மறுநாள் அவரோடு உட்கார்ந்து கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டோம். வாரம் இரண்டு நாள் அரைக் கப், அதைக் கணக்கில் வைத்து ஐ.என்.ஆர் பரிசோதனை என்று ஏற்பாடாயிற்று. நம் வீடுகளிலும் வார்ஃபரின் எடுக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து முருங்கைக்கீரைப் பொடி வந்தவுடன் தினம் இரண்டு கரண்டி என்று ஆரம்பிக்காதீர்கள், முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

ஜனவரி மூன்றாம் வாரம் எதிர்வீட்டு அம்மா தம் கையாலேயே கீரை வேகவைத்து, அளவுக் கப்பில் அரைக் கப் எடுத்து, எங்கள் வீட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அத்தை வீடியோ அழைப்பில் பாளையங்கோட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு வாய் கூட வையேன்" என்றார்கள். அது முடியாது என்று இருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

இந்த டிசம்பர் 31 ஆராதனைக்குப் பிறகு, நள்ளிரவு அசனத்தில் பிரியாணியோடு தட்டைப்பயறும் கீரையும் வைக்கலாம் என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசியிருக்கிறோம். எதிர்வீட்டு அம்மா தம் சபை ஆராதனை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பயறை முந்தின இரவே ஊறப்போட மூன்று வீடுகள் வேண்டும், கீரை அலச நான்கு வாலிபர்கள் வேண்டும். பிஸ்கட்டுக்கு மாவு நாங்கள் கொண்டுவருகிறோம். பெயரழிந்த அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தில்தான் கீரையை வைக்கப் போகிறோம், யாராவது அடையாளம் கண்டால் சொல்லுங்கள்.